வடு இல்லாத கைக்குட்டை

மொந்தெஸ்பீனோ
1974 பிப்ரவரி 20

அன்புப் பேத்தி லொரெதானாவுக்கு உன் அம்மாச்சி வின்சென்ஸா எழுதுவது. நானும் ஆடுகளும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றி நீ போன கடிதத்தில் விசாரிக்கவில்லை, அதற்கு முந்தின கடிதத்திலும் விசாரிக்கவில்லை. நினைவில் வைத்திருக்கிறேன்.

சிஸ்டர்மார் உங்கள் வகுப்பை ஒரு நாள் ரோமுக்கு அழைத்துப் போகிறார்கள், நானும் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். தோன் எலீஜியோ சாமியாரைக் கேட்டேன். "வாத்தியாரம்மா ஆகப்போற பொண்ணு. ரோமையே பாக்காம பிள்ளைங்களுக்கு என்னத்த சொல்லிக்கொடுக்கும்" என்றார். உன் ஞானத்தாய் மஃபால்தாவும் பக்கத்தில் நின்றாள். "போகட்டும் வின்சென்ஸா. நாமதான் பொதென்ஸாவைத் தாண்டாமலே கிழவியாயிட்டோம்" என்றாள். அவள் தாண்டவில்லை. நான் சாலெர்னோ வரை போயிருக்கிறேன், உன் தாத்தாவுக்குப் பல் பிடுங்க. அவளுக்கு அது மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை.

போய் வா. ஆனால் ஒன்று. அந்த ஊரில் இருக்கிறாளே ஒருத்தி, அவளைத் தேடிப் போகக் கூடாது. பெயரைச் சொல்லமாட்டேன். உன் அப்பன் பெல்ஜியத்துச் சுரங்கத்தில் செத்து வருஷம் திரும்புவதற்குள் கறுப்புத் துணியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உன்னை என் கையில் போட்டுவிட்டு, பெண்டாட்டி உயிரோடிருக்கிற டிராம்காரனோடு குடித்தனம் போனவள். பெற்ற எனக்கும் அவள் இல்லை, அவள் பெற்ற உனக்கும் அவள் இல்லை. போனாய் என்று என் காதில் விழுந்தால் ஜூலையில் பரீட்சையும் கிடையாது, வாத்தியார் வேலையும் கிடையாது. மறுநாள் காலைப் பஸ்ஸில் வந்து உன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். நான் சொன்னதைச் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும்.

இத்துடன் ஒரு கைக்குட்டை வைத்திருக்கிறேன். பெரிய கோயிலில் புனித பேதுரு வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். உலகம் முழுக்கத் தொட்டுத் தொட்டு அவர் கால்விரல்களே தேய்ந்துவிட்டனவாம். அந்தப் பாதத்தில் இதைத் தேய்த்துக் கொண்டு வா. முழங்காலில் கட்டிக்கொள்ள வேண்டும். துணியின் ஒரு மூலையில் சிவப்பு நூலில் ஓர் எழுத்து இருக்கும், அதைப் பார்க்காதே. துணி நல்ல துணி, அதற்காகத்தான் எடுத்தேன். எதிர் மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட வடு இருக்கும், ஆட்டுக் குளம்பு மாதிரி. பேதுருவின் மேல் அந்த மூலை படாமல் மடித்துக்கொள். அது மரியாதை இல்லை.

பொட்டலத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வழிக்கு. கூடவே நம் காரமில்லாத மிளகாய், காய்ந்தது, ஒரு சரம். இதை வைத்துக்கொண்டு ரோமில் என்ன செய்வது என்று கேட்காதே. அவ்வளவு பெரிய ஊரில் நம் பக்கத்து ஆள் யாராவது நாக்குச் செத்துப்போய் இருப்பார்கள். அவர்களிடம் கொடு.

காதை மூடிக்கொள், பஸ்ஸில் குளிரும்.

உன் அம்மாச்சி
வின்சென்ஸா


பொதென்ஸா
1974 மார்ச் 3

அன்புள்ள அம்மாச்சிக்கு,

உங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? இடது முழங்கால் எப்படி இருக்கிறது? இரண்டையும் விசாரித்துவிட்டேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் நலம். சளி விட்டுவிட்டது.

பொட்டலம் வந்தது. மிளகாய்ச் சரத்தைப் பார்த்து வகுப்பே சிரித்தது. என் பக்கத்துக் கட்டில் இவானா அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு கூடம் முழுக்க நடந்தாள். சிஸ்டர் காவ்தென்ஸியா வந்து, "இது சாப்பாடு. சாப்பாட்டோட விளையாடற பொண்ணு வாத்தியாராக முடியாது" என்றார்கள். ஆனாலும் இழுத்து முகர்ந்து பார்த்தார்கள். அவர்களும் நம் பக்கம்தான்.

நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். உங்கள் மனம் நோகிற மாதிரி எதுவும் செய்ய எனக்கு விருப்பமில்லை. கைக்குட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மஃபால்தா ஞானத்தாய்க்கு என் முத்தங்கள்.

உங்கள் பேத்தி
லொரெதானா


பொதென்ஸா
1974 மார்ச் 18

அன்புள்ள அம்மாச்சிக்கு,

நலமாகத் திரும்பிவிட்டேன். நீங்களும் ஆடுகளும் நலம்தானே? சினையாடு ஈன்றுவிட்டதா?

ரோமைப் பற்றிக் கேட்பீர்கள். இருட்டிலேயே புறப்பட்டோம். மலை இறங்குவதற்குள் பாதிப் பேர் வாந்தி. சிஸ்டர் எங்களைக் கோழிக்குஞ்சு எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டே வந்தார்கள். ரோமில் இறங்கியதும் ஊதலை எடுத்து ஊதினார்கள், பாருங்கள், ஒரு டிராமே நின்றுவிட்டது.

முதலில் பெரிய கோயிலுக்குப் போனோம். பேதுருவின் பாதத்துக்கு வரிசை நின்றது. நீங்கள் சொன்னது சரி, விரல்களே இல்லை, கரைந்து தேய்ந்த சோப்பு மாதிரி இருக்கிறது. மடித்துத் தேய்த்தேன். வடு படவில்லை. எனக்குப் பின்னால் நின்ற இவானா, "ரொம்பத் தேய்க்காதே, கணுக்காலும் போயிடும்" என்றாள்.

வெளியே வந்தால் மோட்டார் சைக்கிள் பையன்கள் கூடவே வந்தார்கள். ஒருவன், "சிஸ்டர், இவ்ளோ குஞ்சு வெச்சிருக்கீங்க, ஒண்ணு குடுங்க" என்றான். சிஸ்டர் நடையை நிறுத்தாமலே, "போய் உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க கையில தர்றேன்" என்றார்கள். அவன் வண்டி நின்றுவிட்டது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாயந்தரம் வரை விடவில்லை. அதனால் அதிகம் பார்க்கவில்லை. ஒரு கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தோம். கொலோசியத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், பூனைகள் இருந்தன. அப்புறம் திரும்பிவிட்டோம்.

ரோம் எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிஸ்டர் கட்டுரை வேறு எழுதச் சொன்னார்கள். என்ன எழுதுவதென்றே தெரியவில்லை அம்மாச்சி. ஒரு நாளில் எல்லாம் கலந்துவிட்டது. இவானாவின் கட்டுரையைப் பார்த்து எழுதிவிட்டேன்.

மிளகாயை ஒரு பெண்மணியிடம் கொடுத்தேன். நம் பக்கத்து ஆள். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவள்.

கைக்குட்டை உள்ளே இருக்கிறது.

உங்கள்
லொரெதானா


மொந்தெஸ்பீனோ
1974 மார்ச் 27

பேத்திக்கு,

ஆடு ஈன்றது. இரண்டு குட்டி, ஒன்று கறுப்பு. நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியது, ஆனால் முதலில் எனக்கு ஒன்று தெளிய வேண்டும். உன் கடிதத்தை மஃபால்தாவை விட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னேன், நானும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் தலை சுற்றுகிறது.

மழை பெய்ததென்றால் பையன்கள் ஏன் மோட்டார் சைக்கிளில் சுற்றினார்கள்? பையன்களைப் பற்றி இவ்வளவு எழுதியவள் கோயிலைப் பற்றி ஏன் எழுதவில்லை? அந்த ஒருவனுக்கு என்ன பெயர்?

மெழுகுவர்த்திக்காரி மிளகாயை வாங்கிக்கொண்டு என்ன சொன்னாள்? மெலிந்திருந்தாளா? சும்மா கேட்கிறேன்.

இனி கைக்குட்டை. உறையைப் பிரித்ததும் முழங்காலில் கட்டினேன். மறுநாள் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் வடு இல்லை. திருப்பிப் பார்த்தேன். நான்கு மூலையும் பார்த்தேன். சிவப்பு எழுத்து இருக்கிறது, அது என் கைத்தையல், அதில் சந்தேகம் இல்லை. அந்தச் சூட்டுக் குளம்பு மட்டும் இல்லை. இந்தத் துணியை எத்தனையோ முறை சாம்பல் நீரில் போட்டு அவித்திருக்கிறேன், அந்த வடு அசையவில்லை.

மஃபால்தா வந்தாள். காட்டினேன். ஒரு நொடி பார்த்தாள், உடனே முழங்காலிட்டாள். "அற்புதம் வின்சென்ஸா. பேதுரு வடுவை வாங்கிக்கிட்டார்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தெருவுக்குப் போய்விட்டாள். சாயந்தரத்துக்குள் ஊரே என் சமையலறையில். ரொட்டிச் சூளைக்காரன் தன் இடுப்பைக் கொண்டு வந்தான். யாரோ ஒரு கழுதையையும் கொண்டு வந்தார்கள், அதை வாசலோடு நிறுத்தினேன். தோன் எலீஜியோ சாமியார் பார்த்துவிட்டு, மறைமாவட்ட ஆயருக்கு எழுதலாமா என்று யோசிக்கிறார். மஃபால்தா தன் முழங்காலில் அதைக் கட்டிக்கொண்டு என் முன்னால் படியேறிக் காட்டுகிறாள்.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு எதுவும் விளங்கவில்லை. இன்னொன்றும் விளங்கவில்லை. அந்தத் துணியில் மெழுகு வாசமும் இல்லை, சாம்பிராணி வாசமும் இல்லை. மிளகாய் வறுத்த வாசம் அடிக்கிறது. பேதுருவின் காலடியில் யார் மிளகாய் வறுக்கிறார்கள்?

குழப்பம் போதாதென்று மே மாதம் ஓட்டு வேறு. பிரிந்து போன புருஷன் பெண்டாட்டி வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதாம், அதை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்களாம். சட்டம் வேண்டாம் என்றால் 'ஆம்' என்று போட வேண்டும், வேண்டும் என்றால் 'இல்லை' என்று போட வேண்டும் என்கிறார் சாமியார். மூன்று முறை விளக்கினார். மூன்றாம் முறை அவரே தடுமாறினார்.

பாஸ்காத் திருநாள் விடுமுறைக்கு வருவாய் அல்லவா, அப்போது நேரில் சொல். கட்டிலில் புது வைக்கோல் போட்டிருக்கிறேன்.

அம்மாச்சி


பொதென்ஸா
1974 ஏப்ரல் 4

அன்புள்ள அம்மாச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குட்டிகள் நலமா? கறுப்புக் குட்டிக்குப் பெயர் வைத்தாயிற்றா?

பாஸ்காவுக்கு வர முடியாது போலிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்க வேண்டும். சில பேர் இங்கேயே தங்குகிறோம்.

வடு மழையில் போயிருக்கலாம். ரோமில் மழைநீர் வேறு மாதிரி இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து ஆயருக்கு எழுத வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லுங்கள். மஃபால்தா ஞானத்தாயிடம் கைக்குட்டையைக் கொடுக்காதீர்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள். பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பையன் யாரும் இல்லை. சத்தியமாக இல்லை.

மெழுகுவர்த்திக்காரி மெலிந்துதான் இருந்தாள்.

லொரெதானா


மொந்தெஸ்பீனோ
1974 ஏப்ரல் 16

மரியாதைக்குரிய சிஸ்டர் காவ்தென்ஸியா அம்மாளுக்கு, லொரெதானாவின் அம்மாச்சி வின்சென்ஸா பணிந்து எழுதுவது. தாங்களும் மடத்தார் எல்லோரும் பாஸ்கா சந்தோஷத்தில் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு குளிர்காலம்தான் போனேன், எழுத்துத் தப்புகளைப் பொறுக்கவும்.

பெண் பாஸ்காவுக்கு வரவில்லை. அவள் பிறந்ததிலிருந்து என் மேசையில் அவள் இல்லாத பாஸ்கா இதுதான். ஆட்டுக்கறியை நானும் மஃபால்தாவும் எதிரெதிரே உட்கார்ந்து தின்றோம். எனக்கு இறங்கவில்லை. மஃபால்தாவுக்கு நன்றாக இறங்கியது.

மூன்றே கேள்விதான் சிஸ்டர். ரோமில் அன்று மழை பெய்ததா? என் பேத்தி நாள் முழுக்கத் தங்கள் கண் பார்வையில் இருந்தாளா? பையன் எவனாவது உண்டா? உண்டு என்றால் ஒளிக்காமல் சொல்லவும். அவள் படுக்கையைச் சுருட்டக் கயிறு எடுத்து வைத்திருக்கிறேன். அவள் வாத்தியாராவதைப் பார்ப்பதற்காகத்தான் நான் இத்தனை ஆட்டுக்குப் பால் கறந்தேன் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும்.

தங்கள் ஆசீர் வேண்டும்
வின்சென்ஸா


பொதென்ஸா
1974 ஏப்ரல் 22

அன்புள்ள வின்சென்ஸா அம்மா அவர்களுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. தங்கள் முழங்கால் வலி அறிந்து வருந்துகிறேன், எனக்கும் உண்டு.

தங்கள் கடிதம் என்னைத் திகைக்க வைத்தது. அன்று மழை பெய்யவில்லை. வெயிலில் எங்கள் எல்லோருக்கும் மூக்கு சிவந்துவிட்டது. நடுப்பகலில் நீரூற்றின் முன்னால் எடுத்த படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைக்கிறேன். தாங்களே பாருங்கள், கண்ணைச் சுருக்காத பெண் ஒருத்தியும் இல்லை. லொரெதானாவும் அதில் இல்லை. அவள் அப்போது தன் தாயாரின் வீட்டில் இருந்தாள்.

இதைத் தாங்கள் அறியவில்லை என்று இப்போதுதான் எனக்குப் படுகிறது. பெரிய கோயிலுக்கு வெளியே அவள் என்னிடம் வந்து, அம்மாவிடம் ஒரு பொட்டலம் சேர்க்க வேண்டும் என்றாள். "உங்க அம்மாச்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவள் பொட்டலத்தைத் திறந்து காட்டினாள். நானும் அந்த மலையில் பிறந்தவள்தான் அம்மா. வீட்டில் கோத்த மிளகாய்ச் சரத்தை யாரும் வழிப்போக்கருக்குக் கொடுத்தனுப்புவதில்லை, ரத்த உறவுக்குத்தான் அனுப்புவோம். தாங்களே தங்கள் கையால் மகளுக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று எண்ணி, இதைவிட வேறு சம்மதக் கடிதம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அவள் தாயார் சதுக்கத்தில் நின்றிருந்தார். நானே கையைப் பிடித்து ஒப்படைத்தேன். சாயந்தரம் அவரே பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டார்.

நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னிக்கவும். பிழை என்னுடையது, பெண்ணுடையது அல்ல. அவள் வகுப்பில் முதலாவதாக வருகிறாள். பையன் யாரும் இல்லை.

இறைவனில்
சிஸ்டர் காவ்தென்ஸியா


மொந்தெஸ்பீனோ
1974 ஏப்ரல் 27

லொரெதானா,

படம் வந்தது. வெயிலைப் பார்த்தேன்.

பெரிய கோயில் வாசலிலிருந்து பஸ் ஏறும் வரை நடந்ததை எழுது. ஒன்றையும் விடாதே, ஒன்றையும் சேர்க்காதே. கயிறு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

வின்சென்ஸா


பொதென்ஸா
1974 மே 2

அன்புள்ள அம்மாச்சிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். வலியிருக்கிறதா?

விலாசம் எனக்கு மஃபால்தா ஞானத்தாய் கொடுத்தது. போன வருஷம் திராட்சை அறுப்பின்போது கொடுத்தாள். பயணத்துக்கு முன் அம்மாவுக்கு ஒரு வரி எழுதினேன். உங்களிடம் போகமாட்டேன் என்று நான் எழுதவில்லை, மனம் நோகச் செய்ய விருப்பமில்லை என்றுதான் எழுதினேன். எழுதும்போதே அது பொய்தான் என்று தெரியும்.

பாதத்தில் தேய்த்துவிட்டு வெளியே வந்தேன். சதுக்கத்து நீரூற்றுக்குப் பக்கத்தில் பச்சை கோட்டு போட்டு ஒரு பெண் நின்றாள். என்னையே பார்த்தாள், எனக்கு அடையாளமே தெரியவில்லை. சிஸ்டர்தான் என்னைத் தள்ளினார்கள்.

"வளந்துட்டே" என்றாள்.

"ஏழு வருஷம் ஆச்சில்ல" என்றேன்.

அங்கிருந்து ஆற்றங்கரையோரமாக நடத்தி அழைத்துப் போனாள். வீடு திராஸ்தேவெரே என்கிற பேட்டையில், மாடியில், ஓர் அறையும் சமையலறையும். அவர், அந்த டிராம்காரர் ஒத்தாவியோ, வேலைக்குப் போயிருந்தார். நான் வருகிறேன் என்று வேண்டுமென்றே வேலை கேட்டு வாங்கிக்கொண்டாராம். முதல் மனைவியிடமிருந்து விவாகரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். ஓட்டு முடியும்வரை என்ன ஆகுமென்று தெரியாது என்றாள்.

மேசைக்கு அடியில் ஒரு குழந்தை இருந்தது. பெண். நான்கு வயது இருக்கும். அம்மாச்சி, இதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. இதற்காகத்தான் பாஸ்காவுக்கு வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

"யாருடி வந்திருக்கா, வெளிய வா" என்றாள் அம்மா. "பேரைச் சொல்லு அக்காகிட்ட."

"வின்சென்ஸா" என்றது குழந்தை.

நான் நின்றுவிட்டேன். "அம்மாச்சி பேரு" என்றேன்.

"வேற யாரு பேரை வெப்பாங்க? ரெண்டாவது பொண்ணுக்குத் தாயோட தாய் பேருதானே. உனக்குத்தான் ரேடியோல கேட்ட பேரை வெச்சேன்னு இன்னும் திட்டறாங்களா?"

"திட்டறாங்க."

"மறக்கமாட்டாங்க."

பொட்டலத்தைப் பிரித்தாள். சரத்தைக் கையில் எடுத்தாள். "எனக்கா குடுத்துவிட்டாங்க?"

"ரோம்ல நம்ம பக்கத்து ஆள் யாருக்காவது குடுன்னாங்க."

அப்போதுதான் சிரித்தாள். "அப்ப எனக்குத்தான்" என்றாள். உடனே எண்ணெய் வைத்தாள். வறுக்கும்போது, "போட்டதும் எடுத்துடணும். ஒரு மூச்சு தாமதிச்சா கருகிடும். இதுக்கே எத்தனை அடி வாங்கியிருக்கேன்" என்றாள். குழந்தை கைநிறைய அள்ளிக்கொண்டு மறுபடி மேசைக்கு அடியில் போய்விட்டது, கடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

கையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். "இதுல துடைக்கக் கூடாது, மறந்துட்டேன், பேதுரு பாதத்துல தேச்சது. அம்மாச்சி முழங்காலுக்கு" என்றேன். அம்மா அதை வாங்கி மேசையில் விரித்தாள். அந்த வடுவில் விரலை வைத்தாள்.

"இதைப் பத்தி உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

"இஸ்திரிப்பெட்டி சுட்டதுன்னாங்க."

"யாரு சுட்டதுன்னு?"

"சொல்லல."

அடுப்பில் இருந்த மிளகாய் கருகிவிட்டது. எடுத்துக் கொட்டிவிட்டு வேறு போட்டாள். புறப்படும்போது அவளே கைக்குட்டையை மடித்து என் கோட்டுப் பையில் வைத்தாள். நான் பார்க்கவில்லை. அவளிடமும் அதே மாதிரி இருக்கிறது போல, அவசரத்தில் தவறி மாறியிருக்கும். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அதற்குள் கழுதையெல்லாம் வந்துவிட்டது, நான் எப்படிச் சொல்வேன்? இப்போது நீங்கள் வைத்திருப்பதில் பேதுருவின் பாதம் படவே இல்லை. பட்டது ரோமில் இருக்கிறது.

அவளிடம் கேட்பதற்கு எத்தனையோ மனதில் வைத்துக்கொண்டு போனேன். ஏன் போனாய், ஏன் என்னை எடுத்துப் போகவில்லை என்றெல்லாம். எதையும் கேட்கவில்லை. மிளகாய் தின்றேன். கோபமாக இருக்கிறேனா, இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் வந்து படுக்கையைச் சுருட்டினால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் பரீட்சை எழுத எனக்கு ஆசை, அம்மாச்சி.

உங்கள்
லொரெதானா


மொந்தெஸ்பீனோ
1974 மே 14

எர்ஸீலியா,

உன் தாய் எழுதுவது. நான் உயிரோடிருக்கிறேன். நீ சுகமா இல்லையா என்று கேட்கவில்லை, மெலிந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், அது போதும். விலாசம் எப்படித் தெரியும் என்று நினைக்காதே. நீ முதல் வருஷம் அனுப்பி நான் பிரிக்காமல் திருப்பினேனே, அந்த உறையின் முதுகில் இருந்தது. நான் ஒரு முறை பார்த்ததை மறப்பதில்லை. மஃபால்தாவைக் கேட்கவில்லை.

அந்த மஃபால்தா. அவள் ஏன் அற்புதம் அற்புதம் என்று தெருவில் ஓடினாள் என்று இப்போது தெரிகிறது. என் யோசனை வேறெங்கும் போய்விடக் கூடாதென்று ஊரையே என் சமையலறையில் கொண்டுவந்து அடைத்திருக்கிறாள். அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

லொரெதானாவின் கடிதம் வந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை போனேன். பஸ்ஸின் படி உயரம். முழங்கால் மடங்கவில்லை. திரும்பிவிட்டேன். அவள் பரீட்சை எழுதட்டும். அது வரை நீ அவளுக்கு எழுதித் தொந்தரவு செய்யாதே.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட்டேன். ஆம் போட்டேனா இல்லை போட்டேனா என்று சாமியார் கேட்டார். "நீங்க மூணு தடவை சொன்னீங்க சாமி, எனக்கு அப்பவும் புரியல, பென்சில் போன பக்கம் போட்டேன்" என்றேன். பென்சிலுக்குத் தெரியும்.

அன்று பூசைக்குப் பிறகு, சாமியார் என்னிடம் வாங்கி வைத்திருந்த கைக்குட்டையைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆயருக்கு எழுத என் வாயால் சாட்சி வேண்டுமாம். ஊர் முழுக்க நின்றது. "இது உங்க துணிதானே வின்சென்ஸா, வடு இருந்த துணிதானே" என்றார் சாமியார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது என் துணி இல்ல. என் மகளோடது" என்றேன்.

ரொட்டிச் சூளைக்காரன், "எந்த மகள்?" என்றான். "எனக்கு எத்தனை மக இருக்கா? ஒருத்திதான்" என்றேன். தட்டிலிருந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். மஃபால்தா அடுத்த நாளே நொண்டத் தொடங்கிவிட்டாள்.

இனி உனக்கும் எனக்கும் உள்ளது. லொரெதானா சின்னப் பெண், தவறி மாறியது என்று நினைக்கிறாள். நீ தவறி மாற்றுகிறவள் இல்லை. அந்த வடு நீ வைத்தது. அந்தத் துணிகளை உன் சீதனத்துக்கென்று நான் நெய்து, எழுத்துத் தைத்து முடித்த அன்று, லொரெதானாவின் அப்பனை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இஸ்திரி போட்டாய். கருகின வாசம் வந்துதான் நான் திரும்பினேன். ஓர் அறை கொடுத்தேன். இடது கன்னம். அது கொடுக்க வேண்டிய அறைதான். வடு விழுந்ததை நீ கட்டிக்கொண்டு போகக் கூடாதென்று நான் எடுத்து வைத்தேன், நல்லவை உன்னோடு போயின. இப்போது நல்லதைக் கொடுத்துவிட்டு வடுவை எடுத்துக்கொண்டாய். ஏன் என்று எழுதாதே, நான் கேட்கவில்லை.

ஆனால் பேதுருவின் பாதம் பட்டது அதில். வலி என் முழங்காலில்.

அதோடு, என் பெயரை என்னைக் கேட்காமல் எடுத்து ஒரு பிள்ளைக்கு வைத்திருக்கிறாய். என் பொருள் இரண்டு உன்னிடம் இருக்கின்றன. இரண்டும் எனக்கு வேண்டும். தபாலில் அனுப்பாதே, தபால்காரன் வளைத்து மடிப்பான். கையில் கொண்டு வா. திராட்சைக் கொடி பூக்கும்போது மலைப்பாதை நன்றாக இருக்கும், பிள்ளைக்கு வாந்தி வராது. வந்தால் முன் வாசல் வழியாக, பகலில் வா. டிராம்காரனைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மிளகாய் தீர்ந்திருக்கும். இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை. இங்கே இருக்கிறது, உத்தரத்தில் தொங்குகிறது.

உன் தாய்
வின்சென்ஸா